குத்தகையா, முழு உரிமையா: வெளிநாட்டில் சொத்து வாங்குபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வெளிநாட்டில் வீடோ மனையோ வாங்க நினைப்பவர்கள் முதலில் கேட்பது, "ஃப்ரீஹோல்டா, லீஸ்ஹோல்டா?" என்றுதான். முழு உரிமை என்றால் வாங்கலாம், குத்தகை என்றால் வேண்டாம் என்று அங்கேயே முடிவும் எடுத்துவிடுகிறார்கள். இந்த அவசரத்தில்தான் பல தவறுகள் தொடங்குகின்றன. அந்த நாட்டுப் பதிவேட்டில் உங்கள் பெயரில் என்ன உரிமை, எத்தனை ஆண்டுக்கு ஏறப்போகிறது? நீங்கள் பணம் கொடுப்பது அதற்குத்தான்.

முழு உரிமைதான் வேண்டும் என்ற பிடிவாதம் பலரைப் பினாமி ஏற்பாட்டில் கொண்டுபோய் விடுகிறது. இந்தோனேசியாவின் 1960-ஆம் ஆண்டு நிலச் சட்டப்படி ‘ஹாக் மிலிக்’ எனப்படும் முழு உரிமையைத் தனிநபர்களில் அந்நாட்டுக் குடிமக்கள் மட்டுமே பெற முடியும். அதனால் உள்ளூர்க்காரர் ஒருவர் பெயரில் நிலத்தை வாங்கி, அவரிடம் கடன் பத்திரமும் பவரும் தனியாக எழுதி வாங்கிக்கொள்கிறார்கள். "எல்லோரும் இப்படித்தான் செய்கிறார்கள்" என்பார் தரகர். ஆனால் அதே சட்டத்தின் 26-ஆம் பிரிவு தெளிவாக இருக்கிறது: வெளிநாட்டவருக்கு நேராகவோ மறைமுகமாகவோ அந்த உரிமையை மாற்றினால் அது செல்லாது, நிலம் அரசுக்குப் போய்விடும், கொடுத்த பணத்தைத் திருப்பிக் கேட்கவும் முடியாது. பினாமியாக இருப்பவர் தங்கமான மனிதராகவே இருக்கட்டும். அவர் காலத்துக்குப் பிறகு அவருடைய வாரிசுகள் என்ன சொல்வார்கள்? தங்கும் அனுமதி பெற்ற வெளிநாட்டவருக்கு அங்கே ‘ஹாக் பக்காய்’ என்ற பயன்பாட்டு உரிமை கிடைக்கிறது. அதற்குக் காலக்கெடு உண்டு, ஆனாலும் சொந்தப் பெயரில் இருக்கும். என்னைக் கேட்டால், பிறர் பெயரில் உள்ள முழு உரிமையைவிட அது எவ்வளவோ மேல்.

அடுத்த தவறு, புதுப்பிப்பு வாக்குறுதியைக் கையில் உள்ள ஆண்டுகளாக எண்ணிக்கொள்வது. தாய்லாந்தில் வீட்டுக் குத்தகைக்குச் சட்டம் வைத்திருக்கும் உச்சவரம்பு 30 ஆண்டுகள். விளம்பரமோ "30+30+30, மொத்தம் 90 ஆண்டுகள்" என்று சொல்லும். பதிவாவது முதல் 30 மட்டுமே. மீதி இரண்டும் இன்றைய நில உரிமையாளர் கொடுக்கும் தனிப்பட்ட வாக்கு. நிலம் கைமாறினால் பதிவான குத்தகை புதிய உரிமையாளரைக் கட்டுப்படுத்தும்; பழையவர் கொடுத்த புதுப்பிப்பு வாக்கை அவர் மதிப்பார் என்று நம்ப முடியாது. 3 ஆண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவே செய்யாமல் விட்டால், 3 ஆண்டு வரைதான் அது செல்லும். விலை பேசும்போது 30 என்றே கணக்குப் போடுங்கள்.

கணக்கு என்றதும் இன்னொன்று சொல்ல வேண்டும். 30 ஆண்டுக் குத்தகை வீட்டில் ஆண்டுக்கு 7 சதவீதம் வாடகை வருகிறது, முழு உரிமை வீட்டில் 4 சதவீதம்தான் என்றால் குத்தகை லாபமாகத் தெரியும். ஆனால் 30 ஆண்டு முடிந்ததும் கையில் எதுவும் மிஞ்சாது. போட்ட முதலில் ஆண்டுக்கு 3.3 சதவீதம் கரைகிறது. அதைக் கழித்தால் நிற்பது 3.7 சதவீதம்தான். இந்தக் கரைவும் சந்தை விலையில் ஒரே சீராக நடப்பதில்லை. சிங்கப்பூரில் அரசு நிலத்தை மதிப்பிடப் பயன்படும் அட்டவணையில், 99 ஆண்டுக் குத்தகையின் மதிப்பு முழு உரிமை மதிப்பில் 96 சதவீதம். 60 ஆண்டு மிச்சம் இருக்கும்போது 80, 30 ஆண்டு இருக்கும்போது 60. முதல் 39 ஆண்டில் 16 புள்ளிதான் இறங்குகிறது, கடைசி 30 ஆண்டில் மீதி 60-ம் போய்விடுகிறது. ஆகவே எத்தனை ஆண்டு மிச்சம் இருக்கும்போது வாங்குகிறீர்கள் என்பதோடு, எத்தனை இருக்கும்போது விற்கப்போகிறீர்கள் என்பதையும் இப்போதே யோசியுங்கள். மிச்ச ஆண்டுகள் குறையக் குறைய அடுத்து வாங்குபவருக்கு வங்கிக் கடன் கிடைப்பதும் கடினமாகும்.

சரி, முழு உரிமையே கிடைத்துவிட்டது என்றால் நிம்மதியா? சிங்கப்பூரில் 2023 ஏப்ரல் 27 முதல் வீடு வாங்கும் வெளிநாட்டவர் கூடுதல் முத்திரைத் தீர்வையாக 60 சதவீதம் கட்ட வேண்டும். ஃப்ரீஹோல்ட் என்பதால் சலுகை கிடையாது. 10 ஆண்டைத் தாண்டிய அடுக்குமாடியை, பங்கு மதிப்பிலும் பரப்பிலும் 80 சதவீதம் வைத்திருக்கும் உரிமையாளர்கள் சேர்ந்தால் மொத்தமாக விற்கக் கோரலாம், உங்களுக்கு இஷ்டமில்லாவிட்டாலும். தாய்லாந்தில் அடுக்குமாடியின் மொத்தப் பரப்பில் 49 சதவீதம் வரைதான் வெளிநாட்டவர் பெயரில் இருக்க முடியும். முன்பணம் கொடுக்கும் முன் அந்த 49 சதவீதத்தில் இடம் மிச்சம் இருக்கிறதா என்று கட்டட நிர்வாகத்திடம் எழுத்தில் கேளுங்கள்.

இங்கிலாந்தில் பழைய குத்தகை வீடு என்றால், நில உரிமையாளருக்குக் கட்டும் அடிமனை வாடகை எப்படி உயரும் என்ற பிரிவைப் படியுங்கள். 10 ஆண்டுக்கு ஒருமுறை இரட்டிப்பாகும் குத்தகைகள் அங்கே பலரை விற்க முடியாமல் மாட்டிவைத்தன. 2022 ஜூன் 30 முதல் பெரும்பாலான புதிய நீண்டகாலக் குத்தகைகளுக்கு அடிமனை வாடகையே தடை செய்யப்பட்டுவிட்டது. ஏற்கெனவே எழுதப்பட்டவற்றுக்கு அந்தத் தடை பொருந்தாது.

அப்புறம், பலரும் பேசத் தயங்கும் ஒன்று: வாங்கியவர் இறந்தால் என்ன ஆகும்? தாய்லாந்தில் குத்தகை, எடுத்தவருக்கே உரிய தனிப்பட்ட உரிமை. ஒப்பந்தத்தில் வாரிசுகளுக்கு வழி செய்யாவிட்டால் அவரோடு அதுவும் முடிந்துவிடும். 25 ஆண்டு மிச்சம் இருந்தாலும் அப்படித்தான். கணவனும் மனைவியும் சேர்ந்து வாங்குகிறீர்கள் என்றால் இருவர் பெயரையும் குத்தகையில் எழுதச் சொல்லுங்கள், வாரிசுப் பிரிவையும் சேர்க்கச் சொல்லுங்கள். அதைப் பார்த்துச் சொல்லும் வக்கீல் நீங்களே தேடிப் பிடித்தவராக இருக்கட்டும், விற்பவர் அனுப்பியவர் வேண்டாம்.