தோழிகளோடு நாக்ஸோஸ் தீவுக்கு: கையைக் கடிக்காமல் போய்வரும் வழி

தேவனாம்பட்டினத்தில் இல்லாத கடலா கிரீஸில் இருக்கிறது என்று அம்மா கேட்டார். கடலூரில் ஒன்றாகப் படித்த நாங்கள் நான்கு பேரும் அந்தக் கடற்கரையில் உட்கார்ந்துதான் இந்தப் பயணத்தைப் பேசத் தொடங்கினோம். நாற்பது வயதை நெருங்கும்போதுதான் கைகூடியது. விமானக் கட்டணம், விசா எல்லாம் சேர்த்து ஆளுக்கு ஒன்றரை லட்சத்துக்குள் முடித்தோம்.

முதலில் பணம். ஆளுக்கு மாதம் 5,000 ரூபாய் என்று நாங்களே ஒரு சீட்டு நடத்தலாம் என்று நினைத்திருந்தோம். நல்லவேளை, செய்யவில்லை. விசாவுக்கு உங்கள் வங்கிக் கணக்கின் வரவு செலவைப் பார்ப்பார்கள். விண்ணப்பிக்கும் மாதத்தில் சீட்டுப் பணம் மொத்தமாக வந்து விழுந்தால், எங்கிருந்து வந்தது என்ற கேள்வி எழும். அவரவர் பெயரில் ஆர்.டி. போடுங்கள். பணமும் சேரும், விசாவுக்குக் காட்ட ஒழுங்கான கணக்கும் இருக்கும்.

எங்களில் ஒருத்தி புதுச்சேரிக்காரி. தாத்தா காலத்திலிருந்தே அவள் வீட்டில் பிரெஞ்சுக் குடியுரிமை. அவளுக்கு விசாவே தேவைப்படவில்லை. மற்ற மூன்று பேருக்கும் ஷெங்கன் விசா வேண்டும். பிரான்ஸ், கிரீஸ் உட்பட ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான விசா அது. புதுச்சேரியிலேயே பிரெஞ்சுத் துணைத் தூதரகம் இருக்கிறதே, அங்கே வாங்கிக்கொள்ளலாமே என்று பலர் சொன்னார்கள். அப்படி முடியாது. எந்த நாட்டில் அதிக நாள் தங்கப்போகிறீர்களோ அந்த நாட்டிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும். கட்டணம் 90 யூரோ, அதற்கு மேல் சேவைக் கட்டணம். குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு கட்டாயம். ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். விசா மறுக்கப்பட்டால் கட்டிய பணம் திரும்பி வராது. அதனால் ரத்து செய்யக்கூடிய அறைகளையே பதிவு செய்யுங்கள்.

எந்தத் தீவு? எல்லோரும் சாண்டோரினி என்பார்கள். அழகுதான், ஆனால் விலையும் அதற்கேற்ப இருக்கும். நாங்கள் நாக்ஸோஸைத் தேர்ந்தெடுத்தோம். சைக்ளடீஸ் தீவுக் கூட்டத்திலேயே பெரியது அதுதான். விவசாயம் நடக்கிற தீவு என்பதால் காய்கறி, உருளைக்கிழங்கு, பாலாடைக்கட்டி எல்லாம் அங்கேயே கிடைக்கும். என் கண்டிப்பான யோசனை: ஒரே தீவில் தங்குங்கள். ஒரு வாரத்தில் மூன்று தீவு என்று ஓடினால் பாதிப் பணம் கப்பலுக்கும் பாதி நேரம் துறைமுகத்துக்கும் போய்விடும்.

ஜூலை, ஆகஸ்டைத் தவிர்த்துவிடுங்கள். கூட்டமும் விலையும் உச்சத்தில் இருப்பது அப்போதுதான். மே மாதமோ செப்டம்பர் கடைசியோ நல்லது. செப்டம்பரில் கடல் இன்னும் வெதுவெதுப்பாக இருக்கும்.

சென்னையிலிருந்து வளைகுடா வழியாக ஏதென்ஸ் போனோம். விமான நிலையத்திலிருந்து மெட்ரோவின் நீல வழித்தடம் நேராக பிரேயஸ் துறைமுகத்துக்கே போகிறது. நாங்கள் போனபோது கட்டணம் 9 யூரோ. டாக்சி வேண்டாம். அன்றிரவு பிரேயஸில் தங்கிவிட்டுக் காலையில் கப்பல் ஏறினோம். பெரிய துறைமுகம் அது, நம் கடலூர் முதுநகர்த் துறைமுகம் போல ஒரே பார்வையில் அடங்காது. டிக்கெட்டில் உள்ள வாயில் எண்ணைப் பார்த்துவைத்துக்கொண்டு முன்னதாகவே போய்விடுங்கள். வேகக் கப்பலில் மூன்றரை மணி நேரம், சாதாரணக் கப்பலில் ஐந்து மணி நேரத்துக்கு மேல். சாதாரணக் கப்பலே போதும். டிக்கெட் நன்றாகவே மலிவு, ஆட்டமும் குறைவு, மேல்தளத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு தீவாகப் பார்த்துக்கொண்டே போகலாம்.

அறை எடுக்கும்போது சின்னதாக ஒரு சமையல் மேடை இருக்கிறதா என்று பாருங்கள். அறைக்கு இரண்டு பேராகத் தங்கினோம். காலையில் ரொட்டி, தயிர், தக்காளி. மதியம் வெளியே. இரவில் நாக்ஸோஸ் உருளைக்கிழங்கை ஊரிலிருந்து கொண்டுபோன மிளகாய்த்தூள் போட்டு வறுத்தோம். பொடி வகைகளைத் தாராளமாகக் கொண்டுபோகலாம். இறைச்சியும் பால் பொருட்களும் கொண்டுபோக அனுமதி இல்லை, அதனால் நெய்ப் பலகாரம் வேண்டாம். அசைவம் சாப்பிடாத தோழிக்கு ஒரு சொல் பெரிய உதவியாக இருந்தது: ‘நிஸ்திசிமோ’. கிரேக்கர்களின் விரதச் சாப்பாடு அது. இறைச்சி, பால், முட்டை எதுவும் சேராது. ஆனால் கணவாய், இறால் சேர்க்கலாம் என்பதால் அவை இருக்கிறதா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். அப்புறம், குளியலறைக்கு ஒரு பிளாஸ்டிக் குவளை எடுத்துப்போங்கள். கழிப்பறைக் காகிதத்தைப் பக்கத்தில் உள்ள கூடையில்தான் போட வேண்டும், குழாய்கள் குறுகல்.

காசு விஷயத்தில் நட்பு கெடக் கூடாது என்று ஒரு பொதுப் பர்ஸ் வைத்தோம். தினமும் காலையில் ஆளுக்கு 25 யூரோ அதில். சாப்பாடு, பஸ், தண்ணீர் எல்லாம் அதிலிருந்து. சொந்தமாக வாங்குவது சொந்தப் பணத்தில். பர்ஸ் ஒரு நாளைக்கு ஒருத்தி கையில். மிச்சம் இருந்தால் மறுநாள் குறைவாகப் போட்டோம்.

ஊர் சுற்ற ஸ்கூட்டர் எடுக்க ஆசை வரும். அதற்குப் பன்னாட்டு ஓட்டுநர் அனுமதி வேண்டும், மலைப் பாதையும் வளைவும் அதிகம். பஸ்ஸே போதும். பிளாக்கா கடற்கரைக்கும், பளிங்குக்கல் தெருக்கள் உள்ள அபிரந்தோஸ் கிராமத்துக்கும் பஸ்ஸில்தான் போனோம். போர்த்தாரா என்கிற அந்தக் கல்வாசலுக்குத் துறைமுகத்திலிருந்து நடந்தே போய்விடலாம், கட்டணமும் இல்லை. கி.மு. 6ஆம் நூற்றாண்டில் தொடங்கி முடிக்காமலே விட்ட கோயிலின் வாசல் அது. சூரியன் அதன் நடுவே இறங்குவதைப் பார்க்க மூன்று மாலைகள் போனோம். மூன்று முறையும் யாரும் பேசவில்லை.

கடைசியாக, காற்று. கடலூர் துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றிப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது எளிதாகப் புரியும். ஏஜியன் கடலில் வடக்கிலிருந்து பலமாகக் காற்று வீசினால் கப்பல்களை நிறுத்திவிடுவார்கள். முதலில் வேகக் கப்பல்கள், அப்புறம் பெரியவையும். வேலைநிறுத்தத்தாலும் நிற்பதுண்டு. நாங்கள் திரும்ப வேண்டிய நாளில் எல்லாமே நின்றுவிட்டன. விமானத்துக்கு இரண்டு நாள் முன்னதாகக் கப்பலுக்குப் பதிவு செய்திருந்ததால் பதறவில்லை. அதே அறையில் இன்னொரு இரவு தங்கினோம், மிச்ச உருளைக்கிழங்கை வறுத்தோம், மறுநாள் காலை முதல் கப்பலில் ஏறினோம்.