நாடி பாத்து நடக்க ஆரம்பிங்க

காலைல எழுந்ததும் படுக்கைல இருந்தபடியே மணிக்கட்டுல ரெண்டு விரல வச்சு ஒரு நிமிஷம் முழுசா துடிப்ப எண்ணி நோட்டுல எழுதி வைங்க, பெரியவங்களுக்கு 60-ல இருந்து 100 வரைக்கும் நார்மல். கட்டைவிரல வச்சு எண்ணாதீங்க, அதுலயே துடிப்பு இருக்கு, குழப்பிடும்.

அப்புறம் 220-ல உங்க வயச கழிங்க. 40 வயசுன்னா 180, துடிப்பு போகக்கூடிய தோராயமான உச்சம் தான் இது. நடக்கறப்ப அந்த உச்சத்துல 50-ல இருந்து 70 சதவீதம், அதாவது 40 வயசுக்கு 90-ல இருந்து 126 வரைக்கும் போனா போதும், பேச முடியணும் ஆனா பாட முடியக்கூடாது. கேஆர்பி டேம் பக்கம் சமதரையில முதல்ல பழகுங்க, எடுத்த எடுப்புல கிருஷ்ணகிரி கோட்டை மலை ஏறாதீங்க ப்ளீஸ்.

உள்ள என்ன நடக்குதுன்னா, சும்மா உக்காந்திருக்கப்ப நிமிஷத்துக்கு சுமார் 5 லிட்டர் ரத்தம் தள்ற இதயம் கடுமையா ஓடுறப்ப 20 லிட்டர் வரைக்கும் கூட தள்ளும், குடலுக்கு போற ரத்தம் குறைஞ்சு கால் தசைக்கு திரும்பிடும், அதனால தான் வயிறு முட்ட களி சாப்ட்டு உடனே ஓடக்கூடாது. மாசக்கணக்குல விடாம செஞ்சா ஒவ்வொரு துடிப்புக்கும் கூடுதலா ரத்தம் தள்ள இதயம் பழகிடும், தசைல புதுசா நுண்ணிய ரத்தக்குழாய் உருவாகும், காலை துடிப்பு இறங்கும். எனக்கு 84 இருந்தது 72 ஆச்சு, அந்த நோட்ட பாக்கறப்ப அவ்ளோ சந்தோஷம்.

முடிக்கறப்ப டக்குன்னு நிக்காதீங்க, கால்ல ரத்தம் தேங்கி தலை சுத்தும், 5 நிமிஷம் மெதுவா நடங்க. சுகர், பிபி இருந்தா டாக்டர கேட்டுட்டு ஆரம்பிங்க, சில பிபி மாத்திரை துடிப்பையே குறைச்சிடும், மேல சொன்ன கணக்கு சரி வராது. நெஞ்ச இறுக்கி பிடிச்சா உடனே உக்காந்து 108-க்கு போன் போடுங்க.