போன் ரெக்கார்டர் இருந்தா போதும், நமக்கு நாமே ட்ரெய்னிங்

எல்கேஜி யுகேஜி மிஸ்ஸுங்களுக்கும் அங்கன்வாடி டீச்சருங்களுக்கும் ஒரு சின்ன டிப்ஸ். ட்ரெய்னிங் போய் நோட்ஸ் எழுதிட்டு வருவோம், திங்கக்கிழமை கிளாஸுக்குள்ள போனா பழைய மாதிரியேதான், எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு.

கதை சொல்ற நேரத்துல போனை பாக்கெட்லயோ டேபிள்லயோ வச்சு ஒரு 10 நிமிஷம் நம்ம குரலை ரெக்கார்ட் பண்ணுங்க (ஹெச்எம் கிட்ட முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லிடுங்க, பசங்க குரலும் விழும்ல, கேட்டு முடிச்சதும் அழிச்சிடுங்க, வாட்ஸ்அப் குரூப்ல போடவே கூடாது). வீட்டுக்கு வந்து கேட்டுட்டே ரெண்டு விஷயம் மட்டும் எண்ணுங்க. "இது என்ன கலர்?" மாதிரி ஒரே வார்த்தைல முடியுற கேள்வி எத்தனை, "காக்கா ஏன் அப்படி பண்ணுச்சு?" மாதிரி பிள்ளைய யோசிக்க வைக்கிற கேள்வி எத்தனை. அடுத்தது, கேள்வி கேட்டுட்டு எவ்ளோ நேரம் காத்திருந்தோம்னு. மேரி பட் ரோனு ஒரு அமெரிக்க ஆராய்ச்சியாளர் 1970கள்லயே இதை அளந்து பாத்தாங்க, டீச்சருங்க சராசரியா 1 செகண்டுதான் பொறுக்கிறாங்க, 3 செகண்டுக்கு மேல காத்திருந்தா பசங்க பதில் நீளமாகுது, வாயே திறக்காத பிள்ளைகூட பேசுதுன்னு கண்டுபிடிச்சாங்க. நான் முதல் தடவ என் ரெக்கார்டிங்க கேட்டப்போ வெக்கமா போச்சு, பாதி கேள்விக்கு நானே பதில் சொல்லிருக்கேன்!

ஒரு வாரத்துக்கு ஒண்ணே ஒண்ண மாத்துங்க, கேள்வி கேட்டதும் மனசுக்குள்ள ஒண்ணு ரெண்டு மூணு எண்ணுங்க. அடுத்த வாரம் திரும்ப ரெக்கார்ட் பண்ணி பாருங்க. பக்கத்து கிளாஸ் மிஸ்ஸும் சேந்தாங்கன்னா இன்னும் நல்லது.