கோடையில் தெரிகிற சேறு ஏமாற்றும்: வாவிக்கரையில் கண்டல் நடுகிறவர்கள் விடுகிற பிழைகள்

போன ஆடியில் மட்டக்களப்பு வாவியின் மேற்குப் பக்கமான படுவான்கரைக்கு ஒரு அலுவலாகப் போய்விட்டுத் திரும்பும்போது வாவிக்கரையில் ஒரு கூட்டம் நின்றது. முப்பது பிள்ளைகள் இருக்கும். ஒரே நிறத்தில் ரீசேட், இரண்டு தடியில் கட்டிய பெனர், ஐஸ்பெட்டியில் சோடா. ஜூலை 26, சர்வதேச கண்டல் (மாங்குரோவ்) தினம். முழங்கால் சேற்றில் இறங்கி, கயிறு பிடித்து, நேர்கோட்டில் கன்று நட்டுக்கொண்டிருந்தார்கள். மோட்டார் சைக்கிளை நிறுத்திக் கொஞ்ச நேரம் பார்த்தேன். பிள்ளைகளில் பிழை ஒன்றும் இல்லை. ஆனாலும் எனக்கு வயிறு எரிந்தது. அவர்கள் நின்ற இடத்தில் மார்கழியில் தோணி ஓடும்.

2010 இல் நானும் இப்படி ஒரு ரீசேட்டோடு இப்படி ஒரு சேற்றில் நின்றவன்தான். அன்றிலிருந்து கிழக்கே எழுவான்கரை, மேற்கே படுவான்கரை இரண்டிலும் கண்டல் நடப் போய்வருகிறேன். இப்போதெல்லாம் நடுகிறதைவிட, இங்கே நடவேண்டாம் என்று சொல்லுகிறதுதான் கூட. புதிதாக வருகிறவர்கள் நான் விட்ட பிழைகளை வரிசை மாறாமல் விடுகிறார்கள். தலைகீழாக நடாதே, பொலித்தீன் பையோடு புதைக்காதே என்பதையெல்லாம் முதல் நாளே யாராவது சொல்லித் தந்துவிடுவார்கள். அதை விடுவோம்.

கோடைச் சேற்றில் நடுவது

மட்டக்களப்பு வாவி 50 கிலோமீற்றருக்கு மேல் நீளம். கடலோடு சேருவது பாலமீன்மடுவிலும் கல்லாற்றிலும்தான். கோடையில் அந்த வாயை மணல் மூடிவிடும். கச்சான் காற்று வேறு அடித்து வெயிலும் ஏற, தண்ணீர் வற்றிக் கரை வெளியே வரும். கறுப்புச் சேறு, வெடித்த மேல்தோல், நடுவில் கொக்கு. பார்த்தால் நட்டுவை என்று கூப்பிடுகிற மாதிரி இருக்கும். ஐப்பசி கடைசியில் மழை பிடிக்கும். படுவான்கரை வயல் தண்ணீர் முழுக்க வாவிக்குள்தான் வந்து விழும். முகத்துவாரம் தானாக உடையும் வரைக்கும், அல்லது வெட்டிவிடும் வரைக்கும், அந்தத் தண்ணீர் போக இடமில்லை. நாள்கணக்கில், சில வருடம் கிழமைக்கணக்கில் நிற்கும்.

கடலில் பெருக்கும் வற்றும் நன்றாக ஓடுகிற நாடுகளில் 'வற்று நேரம் பார்த்து நடு' என்பார்கள். அங்கே ஆறு மணித்தியாலத்தில் தண்ணீர் இறங்கிவிடும், கன்று மூச்சு விடும். எங்கள் கடலில் பெருக்குக்கும் வற்றுக்கும் உள்ள வித்தியாசம் ஒரு மீற்றர்கூட இல்லை. வாய் மூடிய வாவிக்குள் அதுவும் இல்லை. இங்கே வற்று என்பது ஆடி, பெருக்கு என்பது மார்கழி. கண்டல் தண்ணீரில் நிற்கிற மரம்தான், ஆனால் தண்ணீருக்குள் வாழ்கிற மரம் அல்ல. அதன் வேருக்குக் காற்று வேண்டும். மொத்த நேரத்தில் 30 வீதத்துக்கு மேல் தண்ணீர் மூடி நிற்கிற இடத்தில் பொதுவாகக் கண்டல் காடு வருவதில்லை. ஒரு முழக் கன்றின் தலைக்கு மேலே ஒரு மாதம் தண்ணீர் நின்றால் கதை முடிந்தது.

2010 ஆடியில் நாங்கள் நட்டது ஆயிரத்து இருநூறு கன்று. வீச்சுவலையோடு போன ஒரு பெரியவர் நின்று பார்த்துவிட்டுச் சொன்னார்: "மனே, இது மீன் மேயிற இடம். மாரியில இதில கழுத்தளவு தண்ணி நிக்கும்." எங்களைக் கூட்டிக்கொண்டு போன நிறுவனத்துப் பொறுப்பாளர் சிரித்தார். நாங்களும் சிரித்தோம். 2011 தையில் வந்த பெரு வெள்ளம் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். வற்றிய பிறகு போய்ப் பார்த்தால் வரிசை வரிசையாகக் கறுத்த குச்சி. பிடித்தால் தோல் கையோடு வந்தது.

எனக்கு இன்றைக்கும் எரிச்சல் அந்தக் குச்சிகளில் இல்லை. 'வெள்ளம் வந்துவிட்டது, நாங்கள் என்ன செய்ய' என்று சொன்னோமே, அதில்தான். அறிக்கையிலும் அப்படியே எழுதினார்கள். அடுத்த ஆடியில் அதே சேறு, அதே கயிறு, புதுக் கன்று. அந்த மாரியில் முந்தைய வருடத்து வெள்ளம் மாதிரி ஒன்றும் வரவில்லை. கன்று மட்டும் அதே மாதிரிச் செத்தது. இரண்டு வருட உழைப்பு, ஒரு பெரியவரின் ஒரு வசனத்தைக் கேட்காததால் போனது.

இது எங்கள் தலைவிதி மட்டும் அல்ல. சுனாமிக்குப் பிறகு இலங்கை முழுக்க நடந்த கண்டல் நடுகைகளை அளந்து 2017 இல் ஒரு ஆய்வு வெளியானது. 23 இடங்கள், 1,000 முதல் 1,200 ஹெக்டேர் வரை. தேறியது 200 முதல் 220 ஹெக்டேர். 9 இடங்களில் ஒரு கன்றுகூட மிஞ்சவில்லை. பாதிக்கு மேல் பிழைத்தது மூன்றே இடம்: கற்பிட்டி, பம்பல, நீர்கொழும்பு. மூன்றும் மேற்குக் கரை.

சரி, எங்கே நடுவது? கரையில் தானாக முளைத்து நிற்கிற இளமரங்களில் வாவிப் பக்கமாக ஆகக் கீழே நிற்பதைத் தேடுங்கள். அதன் அடிதான் உங்கள் எல்லை. அதற்குக் கீழே ஒரு சாண்கூட இறங்கவேண்டாம். அந்த மட்டத்தைக் கண்ணால் மதிக்கக் கூடாது, சேறு கண்ணை ஏமாற்றும். மேசன்மார் அத்திவாரத்துக்கு மட்டம் பிடிக்கிற தண்ணீர்க் குழாய் இருக்கிறதே, அதில் ஒரு நுனியை அந்த மரத்தடியில் பிடித்துக்கொண்டு மற்ற நுனியை நடுகிற இடத்துக்குக் கொண்டு போங்கள். பத்து நிமிட வேலை. குழாய் இல்லையென்றால் கண்டல் காட்டில் நிற்கிற பழைய கண்ணா மரத்தின் அடியைப் பாருங்கள். மாரித் தண்ணீர் நின்ற உயரத்தில் சேற்றுக்கோடு ஒன்று காய்ந்து ஒட்டியிருக்கும். அந்தக் கோடு உங்கள் இடுப்புக்கு வந்தால் அங்கே நிற்கிற கன்றுக்கு என்ன ஆகும் என்று நீங்களே யோசியுங்கள்.

அப்புறம், ஒரு இடத்தில் தானாக ஒரு கன்றுகூட இல்லையென்றால் அதற்குக் காரணம் இருக்கும். விதை வராததால் வெறுமையாய்க் கிடக்கிற கரை குறைவு. தண்ணீர் வந்து போகாததால் கிடப்பதுதான் கூட. வீதிக்குக் கீழே அடைபட்டுக் கிடந்த ஒரு மதகை ஒருமுறை நாலு பேர் இரண்டு நாள் நின்று துப்புரவாக்கினோம். உள்ளே நாங்கள் ஒன்றும் நடவில்லை. இரண்டு மாரி கழித்து அங்கே கண்ணா முளைத்து முழங்கால் உயரம் நின்றது. பெனர் கட்ட முடியாத வேலை என்பதால்தானோ என்னவோ, இதற்கு யாரும் கூட்டம் கூட்டுவதில்லை.

போன ஆடியில் கண்ட அந்தப் பிள்ளைகளில் ஒருத்தியிடம் அடிக்கு ஒரு கோடு போட்ட தடி ஒன்றைக் கொடுத்து, நட்ட இடத்திலேயே குத்தச் சொன்னேன். மார்கழியில் போன் எடுத்தாள். "மாமா, தடி தெரியல்ல." தடி ஐந்தடி.

அம்பாறைப் பக்கம் கோமாரி, பொத்துவில் களப்புகளிலும் வாய் மூடித் திறக்கிறதுதான். அங்கேயும் இதே கணக்குத்தான்.

எல்லாக் கரைக்கும் கண்டல்

கண்டல் என்பது காடு முழுதுக்கும் பெயர், அதில் நிற்கிற ஒரு மரத்துக்கும் அதே பெயர். முட்டுவேர் விட்டு நிற்கிற அந்தக் கண்டலைத்தான் எல்லாரும் நடுகிறார்கள். காரணம் சோம்பல். அதன் காய் மரத்திலேயே முளைத்து முருங்கைக்காய் மாதிரித் தொங்கும். பொறுக்கிச் சேற்றில் குத்தினால் நட்டது மாதிரி இருக்கும், படத்துக்கும் வடிவு. ஆனால் உப்பு ஏறின, மேட்டுப்பாங்கான கரைக்குக் கண்ணாதான் சரி. அதற்கும் மேலே, தரைப் பக்கமாகத் தில்லை. ஆற்றுத் தண்ணீர் வந்து கலக்கிற, உப்புக் குறைந்த இடத்துக்குக் கிண்ணை. பக்கத்தில் என்ன நிற்கிறதோ அதை நடுங்கள். யுத்த காலத்தில் மொட்டையடித்த கரைகளில் முந்தி என்ன நின்றது என்று அங்குள்ள வயதானவர்களைக் கேட்டால் மரத்தின் பெயரோடு சொல்லுவார்கள்.

காயை முறித்து எடுப்பது

பச்சைக் காயை இழுத்து முறித்தால் அது முளைக்காது. விளைந்த கண்டல் காயின் மேல்பக்கம், தொப்பிக்குக் கீழே, மஞ்சளாக ஒரு வளையம் வெளியே வந்திருக்கும். அதைத் தொட்டால் போதும், கையில் விழும். இழுக்க வேண்டி வந்தால் விட்டுவிட்டு அடுத்த கிழமை வாருங்கள். நடும்போது மூன்றில் ஒரு பங்குதான் சேற்றுக்குள் போக வேண்டும். காற்றில் சாயாமல் இருக்கட்டும் என்று பாதிக்கு மேல் புதைக்கிறவர்கள் இருக்கிறார்கள். நான் அந்தக் கூட்டத்தில் இருந்தவன்.

மாடு

கண்ணா இலை மாட்டுக்குச் சீனி. பட்டிக்காரரோடு முதலில் பேசுங்கள், வேலி பிறகு.

தில்லையை வெட்டிப் பாதை எடுப்பது

செய்யாதீர்கள். கொப்பு முறிந்தாலே வெள்ளைப் பால் வடியும், கண்ணில் பட்டால் பார்வை தற்காலிகமாகவாவது போய்விடும். எங்களோடு வந்த ஒரு தம்பி கத்தியால் ஒரு கொப்பைத் தட்டிவிட்டு வியர்வையைத் துடைத்தான். இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் கண்ணைக் கட்டிக்கொண்டு கிடந்தான். கையில் எழும்பிய கொப்புளம் ஆற இன்னும் நாளானது. தில்லை நிற்கிற இடத்தில் சுற்றிப் போங்கள். குடிக்கிற தண்ணீரைவிடக் கூடுதலாக முகம் கழுவத் தண்ணீர் கொண்டு போங்கள்.

தோணிப் பாதையில் நடுவது

ஒரே இரவில் பிடுங்கிவிடுவார்கள். அவர்கள் செய்வது நியாயம்.

கேட்காமல் இறங்குவது

கண்டல் காடு சட்டத்தால் பாதுகாக்கப்பட்டது. காய் பொறுக்கவும் கன்று நடவும் வன இலாகாவிடம் கேட்டுவிட்டு இறங்குங்கள்.

நட்ட அன்றோடு வீட்டுக்குப் போவது

முதல் வருடம் மாதத்துக்கு ஒருமுறையாவது போகவேண்டும். நான் ஒரு சிஆர் கொப்பி வைத்திருக்கிறேன்: திகதி, தண்ணீர் எந்தக் கோட்டில், எத்தனை கன்றில் புது இலை. 'உயிரோடு' என்று எழுதுவதில்லை. பச்சையாக நிற்கிற கன்று மூன்று மாதம் உயிரோடு இருக்கிற மாதிரி நடிக்கும். புது இலைச் சோடி விட்டால்தான் கணக்கு.

வாவி வாய் மூடிக் கிடக்கிற மாதங்களில் பாசி பிடிக்கும். ஈரத் துணி மாதிரிக் கன்றில் சுற்றிக்கொண்டு, காய்ந்ததும் இறுகிக் கன்றைச் சாய்த்துவிடும். அதை இழுக்காதீர்கள், வேரோடு வரும். ஒரு கையால் கன்றின் அடியைப் பிடித்துக்கொண்டு மற்றக் கையின் இரண்டு விரலால் கீழிருந்து மேலாக வழித்துவிடுங்கள். தண்டில் சிப்பி ஒட்டியிருந்தால் நகத்தால் தட்டினால் போதும். கத்தி வேண்டாம்.