புல்தரைக்கு மருந்து தெளிக்கும் முன்பும் பின்பும்: பக்கத்து வீட்டாரின் கவலைக்குப் பதில் சொல்வது எப்படி?

புல்தரை வளர்க்கத் தொடங்குகிறவர்கள் எந்தக் களைக்கு எந்த மருந்து என்பதை விரைவில் கற்றுக்கொண்டுவிடுகிறார்கள். ஆனால் மருந்து தெளித்த மறுநாள் காலையில் வேலிக்கு அப்பாலிருந்து ஒருவர், “நேற்று என்ன அடித்தீர்கள்? என் குழந்தை இந்தப் பக்கம்தான் விளையாடிக்கொண்டிருந்தது” என்று கேட்டால் என்ன சொல்வது என்று அவர்களுக்குத் தெரிவதில்லை. பெரும்பாலோர் “பயப்படாதீர்கள், ஒன்றும் ஆகாது” என்று சொல்லி முடித்துக்கொள்கிறார்கள். மனக்கசப்பு அந்தப் பதிலிலிருந்துதான் தொடங்குகிறது என்பது என் அனுபவம். கேட்டவர் அறிய விரும்பியது மருந்தின் பெயரை, தெளித்த நேரத்தை, அளவை, காற்று வீசிய திசையை. அவற்றை உடனே சொல்லும் நிலையில் நாம் இருக்க வேண்டும். அதற்கான வழிமுறையைப் படிப்படியாகக் கீழே எழுதியிருக்கிறேன்.

முதல் படி: உங்கள் கையில் இருப்பது என்ன என்று தெரிந்துகொள்ளுங்கள்

புல்தரையில் போடுகிற எல்லாவற்றையும் பக்கத்து வீட்டார் ‘மருந்து’ என்றே சொல்வார்கள். ஆனால் உரம், களைக்கொல்லி, பூச்சிக்கொல்லி, பூஞ்சாணக்கொல்லி ஆகியவை வெவ்வேறு பொருள்கள். அவற்றால் வரக்கூடிய தீங்கும் வெவ்வேறு. உரத்தைப் பொறுத்தவரை பெரிய கவலை நீர்நிலை பற்றியது. மழையில் அடித்துச் செல்லப்படும் தழைச்சத்தும் மணிச்சத்தும் குளத்தில் பாசியைப் பெருக்கிவிடும். களைக்கொல்லியில் அண்டைத் தோட்டத்துச் செடிகளும், பூச்சிக்கொல்லியில் தேனீக்களும் மீன்களும் கவலைக்குரியவை. உரமும் களைக்கொல்லியும் ஒன்றாகக் கலந்து வரும் குருணைப் பைகளும் உண்டு. அவற்றை வெறும் உரம் என்று நினைத்துத் தூவுகிறவர்கள் தாங்கள் களைக்கொல்லி போடுவதை அறியாமலே போட்டுவிடுகிறார்கள்.

ஆகவே லேபிளைத் தொடக்கம் முதல் இறுதி வரை படியுங்கள். வணிகப் பெயருக்குக் கீழே சிறிய எழுத்தில் இருக்கும் வேதிப்பொருளின் பெயரையும் செறிவையும் குறித்துக்கொள்ளுங்கள். எவ்வளவு பரப்புக்கு எவ்வளவு அளவு, தெளித்தபின் எப்போது உள்ளே நடக்கலாம், முதலுதவி என்ன என்பவற்றையும் எழுதிவையுங்கள். இவற்றோடு, உற்பத்தியாளர் வெளியிடும் பாதுகாப்புத் தகவல் தாளையும் பெற்றுக்கொள்ளுங்கள். உலக அளவில் ஒத்துக்கொள்ளப்பட்ட வடிவில் அது 16 பகுதிகளைக் கொண்டது. 2ஆம் பகுதியில் தீங்குகளும், 4ஆம் பகுதியில் முதலுதவியும், 12ஆம் பகுதியில் சுற்றுச்சூழல் விளைவுகளும் இருக்கும். இந்த மூன்று பகுதிகளைப் படித்திருந்தாலே, வேலியோரம் வரக்கூடிய கேள்விகளில் பெரும்பாலானவற்றுக்கு உங்களால் பதில் சொல்ல முடியும்.

இரண்டாம் படி: கவலை எதைப் பற்றியது என்று கேளுங்கள்

“மருந்து வேண்டாம்” என்று சொல்கிற இருவரின் கவலை ஒன்றாக இருப்பதில்லை. ஒருவர் வீட்டில் தவழும் குழந்தை இருக்கலாம். இன்னொருவர் வீட்டில் ஆஸ்துமா நோயாளியோ கருவுற்ற பெண்ணோ இருக்கலாம். மற்றொருவருக்குக் கிணறும் காய்கறிப் பாத்தியும் முக்கியமாக இருக்கலாம். எனவே முதல் சந்திப்பில் எதையும் விளக்கத் தொடங்காமல், “உங்களுக்கு எதுபற்றிக் கவலை?” என்று கேட்டு, பதிலைக் குறித்துக்கொள்ளுங்கள். குழந்தைக்கும் நாய்க்கும் முக்கியமானது ஈரம் காய்வதும், காலணியோடும் பாதத்தோடும் மருந்து வீட்டுக்குள் வராமல் இருப்பதும். ஆஸ்துமா உள்ளவருக்கு முன்கூட்டித் தெரிந்துகொண்டு சன்னலை மூடிவைப்பது பேருதவி. தேனீ வளர்ப்பவருக்கோ, புல்லிடையே பூத்திருக்கும் பூக்களை வெட்டிவிட்டீர்களா என்பதே முதல் கேள்வியாக இருக்கும்.

வாசனையைப் பற்றியும் பலர் முறையிடுவார்கள். வாசனை வருவதாலேயே ஆபத்தான அளவு வந்துவிட்டது என்று பொருளில்லை; மாலத்தியான் என்ற பூச்சிக்கொல்லியின் கடுநெடி அதிலுள்ள கந்தகச் சேர்மங்களால் வருவது. வாசனை இல்லாததால் மருந்து வந்து சேரவில்லை என்றும் சொல்லிவிட முடியாது. இந்த இரண்டாவது செய்தியையும் சேர்த்துச் சொன்னால்தான் முதலாவதை அவர் நம்புவார்.

புற்றுநோய் பற்றிய கேள்வி வந்தால் நிதானமாகப் பேசுங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் கீழ் இயங்கும் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2015ஆம் ஆண்டில் கிளைபோசேட் என்ற களைக்கொல்லியை ‘மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் வாய்ப்பு மிகுந்தது’ என்ற வகையிலும், புல்தரைகளில் அகன்ற இலைக் களைகளுக்குப் பரவலாகப் பயன்படும் 2,4-டி மருந்தை ‘புற்றுநோய் உண்டாக்கக்கூடும்’ என்ற அதற்கு அடுத்த வகையிலும் சேர்த்தது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையோ, கிளைபோசேட் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்க வாய்ப்பில்லை என்று கூறிவந்துள்ளது. ஒரு பொருளுக்குப் புற்றுநோய் உண்டாக்கும் தன்மை இருக்கிறதா என்பதை முதல் அமைப்பு பார்க்கிறது. எந்த அளவில், எத்தனை முறை, எந்த வழியாக உடலுக்குள் செல்கிறது என்பதையும் இரண்டாவது அமைப்பு கணக்கில் எடுக்கிறது. இரண்டையும் உள்ளபடி சொல்லுங்கள். ஒன்றை மட்டும் சொல்லி மற்றதை மறைத்தால், பக்கத்து வீட்டார் அதை அன்று இரவே தாமாகத் தேடிக் கண்டுபிடித்துவிடுவார். அதன்பின் உங்கள் எந்தச் சொல்லும் எடுபடாது.

மூன்றாம் படி: ‘பாதுகாப்பானது’ என்ற சொல்லைத் தவிர்த்துவிடுங்கள்

அமெரிக்க விதிகளின்படி ஒரு பூச்சிக்கொல்லியின் லேபிளில் உற்பத்தியாளரே ‘பாதுகாப்பானது’ என்று அச்சிட முடியாது. அது தவறான வழிகாட்டுதலாகக் கருதப்படுகிறது. மருந்தைத் தயாரித்தவருக்கே இல்லாத உரிமையை அதைத் தெளிப்பவர் எடுத்துக்கொள்வது முறையல்ல. அதற்குப் பதிலாக இப்படிச் சொல்லலாம்: “இதில் இருப்பது 2,4-டி. காயும்வரை யாரும் மிதிக்கக் கூடாது என்று லேபிள் சொல்கிறது. காலை எட்டு மணிக்குத் தெளிப்பேன். காய்ந்த பிறகு வந்து சொல்கிறேன்.” இதில் வாக்குறுதி எதுவும் இல்லை, சரிபார்க்கக்கூடிய செய்திகள் மட்டுமே இருக்கின்றன.

நான்காம் படி: முன்கூட்டியே எழுத்தில் தெரிவியுங்கள்

நியூயார்க் மாநிலத்தில், இதற்கான சட்டத்தை ஏற்றுக்கொண்ட மாவட்டங்களில், வணிக முறையில் புல்தரைக்கு மருந்து தெளிப்பவர்கள் 150 அடிக்குள் இருக்கும் வீடுகளுக்கு 48 மணி நேரம் முன்னதாக எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டும். வீட்டுக்காரரே தெளித்தாலும், 100 சதுர அடிக்கு மேல் தெளிக்கும்போது எல்லையோரம் அறிவிப்புக் கொடிகளை நட வேண்டும். உங்கள் ஊரில் என்ன விதி இருக்கிறது என்பதை உள்ளாட்சி அலுவலகத்தில் கேட்டறிந்துகொள்ளுங்கள். விதியே இல்லாவிட்டாலும் இந்த 48 மணி நேரத்தை நல்ல அளவுகோலாக நான் கருதுகிறேன். துணி உலர்த்தும் கொடியை இடம் மாற்றவும், பிள்ளைகளின் விளையாட்டுப் பொருள்களை உள்ளே எடுத்து வைக்கவும், ஊருக்குப் போகிற நாளை ஒத்திப்போடவும் அது போதும்.

அறிவிப்பு ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். ஒரு மாதிரி:

“வணக்கம். வரும் சனிக்கிழமை காலை 8 மணி முதல் 9 மணிக்குள் எங்கள் புல்தரையின் பின்பகுதியில் மட்டும் களைக்கொல்லி தெளிக்க இருக்கிறோம். மருந்தின் பெயரும் அதிலுள்ள வேதிப்பொருளின் பெயரும் கீழே உள்ளன. லேபிளின் நகலையும் இணைத்திருக்கிறோம். அந்த நேரத்தில் வேலியோரச் சன்னல்களை மூடிவைக்கவும், துணிகளையும் செல்லப்பிராணிகளின் தண்ணீர்க் கிண்ணங்களையும் உள்ளே வைக்கவும் வேண்டுகிறோம். காற்று பலமாக இருந்தால் தெளிக்காமல், மாற்றுத் தேதியைத் தெரிவிப்போம். அந்த நேரம் உங்களுக்கு வசதிப்படாது என்றால் தயங்காமல் சொல்லுங்கள்.”

கடைசி வாக்கியத்தை வெறும் மரியாதைக்காக எழுதாதீர்கள். யாராவது நேரத்தை மாற்றச் சொன்னால் மாற்றத்தான் வேண்டும்.

ஐந்தாம் படி: தெளிக்கும் நாளில் மருந்து வேலியைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்

எவ்வளவு இனிமையாகப் பேசினாலும், மருந்து அவர்கள் தோட்டத்தில் போய் விழுந்துவிட்டால் பேச்சுக்கு மதிப்பில்லை. இந்தப் படியை மற்றவற்றைவிட நீளமாக எழுதுவதற்குக் காரணம் அதுதான்.

தெளிக்கும்போது பறந்து போவது பெரும்பாலும் மிகச் சிறிய துளிகளே. 150 மைக்ரானுக்கும் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) சிறிய துளிகள் காற்றில் நெடுந்தூரம் செல்லும். அழுத்தம் கூடினால் துளி சிறிதாகும். ஆகவே அழுத்தத்தைக் குறைத்து, பெரிய துளி தரும் நாசிலை (தெளிப்பு முனையை) பொருத்தி, தரைக்கு அருகில் பிடித்துத் தெளியுங்கள். காற்று மணிக்கு 5 முதல் 15 கிலோமீட்டர் வரை, பக்கத்து வீட்டிலிருந்து உங்கள் பக்கமாக வீசுவது ஏற்றது. லேபிளில் வேறு வரம்பு இருந்தால் அதையே கடைப்பிடியுங்கள்.

காற்றே இல்லாத நேரம்தான் சிறந்தது என்று நானும் ஒரு காலத்தில் நம்பினேன். அசைவே இல்லாத ஒரு மாலையில், சூரியன் மறையும் நேரத்தில் களைக்கொல்லி தெளித்தேன். சில நாள்களில் பக்கத்து வீட்டுத் தக்காளிச் செடிகளின் தண்டு முறுக்கிக்கொண்டு, இலைகள் சுருண்டுவிட்டன. தெளிவான மாலைகளில் தரை விரைவாகக் குளிர்ந்து, குளிர்ந்த காற்று கீழேயும் வெதுவெதுப்பான காற்று மேலேயும் தங்கிவிடும். அப்போது நுண்துளிகள் மேலெழுந்து கலைந்து போக முடியாமல், தரையையொட்டி மெல்லிய புகைபோல மிதந்து பக்கவாட்டில் நகரும். அதிகாலையிலும் இதே நிலை இருக்கும். தக்காளியும் திராட்சையும் 2,4-டி மருந்தின் மிகச் சிறிய அளவுக்குக்கூட வாடுபவை. நான் தெளித்தது 2,4-டி மருந்தின் எஸ்டர் வகை. அது வெயிலில் ஆவியாகி, தெளித்து முடித்த பின்னும் பரவக்கூடியது. அதே மருந்தின் அமைன் உப்பு வகை அந்த அளவுக்கு ஆவியாவதில்லை. அந்தச் செடிகளை நட்டு நீரூற்றி வளர்த்தவரின் முகத்தை நான் இன்னும் மறக்கவில்லை. இப்போது சூரியன் எழுந்து ஓரிரு மணி நேரம் கழிந்து, இலைகள் மெல்ல அசையத் தொடங்கிய பிறகே தெளிப்பானைத் தொடுகிறேன். வெப்பம் 30 டிகிரி செல்சியஸை நெருங்கும் நாள்களில் தொடுவதே இல்லை.

பூச்சிக்கொல்லி தெளிப்பதாக இருந்தால், புல்லிடையே பூத்திருப்பவற்றை முதல்நாளே வெட்டிவிடுங்கள். இமிடாகுளோபிரிட் உள்ளிட்ட மூன்று நியோனிகோட்டினாய்டு மருந்துகளைத் திறந்தவெளியில் பயன்படுத்துவதை ஐரோப்பிய ஒன்றியம் 2018இல் தடைசெய்ததற்குக் காரணம் தேனீக்களுக்கு நேரும் கேடுதான்.

ஆறாம் படி: தெளித்த பின்

எல்லையில் கொடியோ அட்டையோ நட்டு, தெளித்த தேதியையும் நேரத்தையும் எழுதுங்கள். நடைபாதையில் சிதறிய குருணையைத் துடைப்பத்தால் கூட்டிப் புல்தரைக்கே தள்ளிவிடுங்கள். தண்ணீரடித்துக் கழுவினால் அது வடிகாலுக்குத்தான் போகும். காலணியை வாசலுக்கு வெளியே கழற்றுங்கள். பிறகு ஒரு நோட்டில் தேதி, நேரம், மருந்து, அளவு, தெளித்த பரப்பு, காற்றின் திசை, வெப்பநிலை ஆகியவற்றை எழுதுங்கள். பிந்தி வரும் எந்தக் கேள்விக்கும் அந்த நோட்டே பதில் தரும்.

ஏழாம் படி: முறையீடு வந்துவிட்டால்

யாருக்காவது கண்ணெரிச்சலோ மூச்சுத்திணறலோ வாந்தியோ இருப்பதாகச் சொன்னால், அது மருந்தினால்தானா என்று வாதிட வேண்டாம். உடனே லேபிளை அவர்கள் கையில் கொடுத்து மருத்துவரிடம் காட்டச் சொல்லுங்கள். சிகிச்சை தருபவருக்கு முதலில் தேவைப்படுவது வேதிப்பொருளின் பெயர். செடி பாதிக்கப்பட்டிருந்தால் நோட்டோடு சென்று நேரில் பாருங்கள், இருவரும் சேர்ந்து படமெடுத்துக்கொள்ளுங்கள், தவறு உங்களுடையது என்றால் அங்கேயே ஒப்புக்கொண்டு ஈடுசெய்யுங்கள். பாதிக்கப்பட்ட காய்கறியைச் சாப்பிட வேண்டாம் என்றும் சொல்லிவிடுங்கள்.

எட்டாம் படி: மருந்தின் தேவையைக் குறைத்துக்கொள்ளுங்கள்

அண்டையாரின் எதிர்ப்பு சில இடங்களில் சட்டமாகவே மாறியிருக்கிறது. கனடாவின் கியூபெக் மாநிலத்தில் உள்ள ஹட்சன் என்ற சிற்றூர், அழகுக்காக மட்டும் பூச்சிக்கொல்லி பயன்படுத்துவதை 1991இல் தடைசெய்தது. மருந்து தெளிக்கும் நிறுவனங்கள் தொடுத்த வழக்கில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2001இல் ஊரின் பக்கமே தீர்ப்பளித்தது. 2009இல் ஒன்டாரியோ மாநிலமும் இத்தகைய தடையைக் கொண்டுவந்தது.

தடை வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. ஒவ்வொரு முறையும் புல்லின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டாமல், அந்த வகைக்கு ஏற்ற உயர்ந்த அளவில் விட்டுவைத்தால் தரையில் நிழல் விழுந்து களைவிதைகள் முளைப்பது குறையும். நாலைந்து களைகளுக்காக முழுத் தரையிலும் தெளிக்காமல், அவற்றைக் கையால் பிடுங்குங்கள். கோரைபோல் கிழங்கு விடுபவற்றுக்கு மட்டும் அந்தந்த இடத்தில் மருந்தைத் தொட்டு வையுங்கள். வேலியையொட்டி இரண்டு மூன்று மீட்டர் அகலத்துக்கு எந்த மருந்தும் படாத பட்டை ஒன்றை விடுவதாகப் பக்கத்து வீட்டாரிடம் சொல்லி, அதன் எல்லையை அவர் முன்னிலையிலேயே கயிறு கட்டிக் குறியுங்கள். அந்தப் பட்டையில் களை முளைத்தால் கையால் பிடுங்குவது உங்கள் வேலை.