பட்டியில் கிடைக்கும் வெள்வேல விதை

காங்கேயம் பக்கம் எங்கள் கொறங்காட்டில் (வேலியடைத்த மானாவாரி மேய்ச்சல் நிலம்) வெள்வேல மரம் வளர்க்க நான் விதை வாங்குவதில்லை. கோடையில் உதிரும் நெற்றுகளை ஆடுகள் தின்னும். விதை புழுக்கையோடு பட்டியில் விழும். தோல் கெட்டியான விதை, ஆட்டு வயிற்றுக்குள் போய்வந்தால் நன்றாக முளைக்கும். பட்டியைக் கூட்டும்போது பொறுக்கி வையுங்கள். ஐப்பசி மழையில் ஈரம் இறங்கியதும் விரற்கடை ஆழத்தில் ஊன்றுங்கள்.

அப்புறம்தான் பெரிய வேலை. கன்றைச் சுற்றி முள் அடையுங்கள். ஆட்டு வாய்க்கு எட்டாத உயரம் வரும்வரை, எத்தனை வருடமானாலும் சரி, எடுக்காதீர்கள். நான் அவசரப்பட்டு எடுத்து ஏழு கன்றுகளை இழந்தேன். இன்னும் மனசு ஆறவில்லை.

வளர்ந்த மரத்தில் பக்கக் கிளையை மட்டும் கழியுங்கள், நுனியைத் தொட வேண்டாம். காட்டைச் சுற்றிக் கிளுவைப் போத்து, அதாவது வெட்டிய கிளைக்குச்சி, நட்டால் அதுவே உயிர்வேலி.