காற்றளவு காட்டும் டைவ் கணினி: எங்கே பிழை விடுகிறோம்?

குருநகரில் படகேறும்போது கவனித்திருப்பீர்கள். மூச்சிழுக்க உதவும் றெகுலேட்டர் பூட்டிய காற்றுச் சிலிண்டரைத் தூக்கிக் கொடுக்கிற தம்பி, அதில் துருத்திக்கொண்டு நிற்கும் பெருவிரல் பருமனான கறுப்புத் துண்டைத்தான் பிடிப்பார். பிடிக்க வாகாக இருக்கும். ஆனால் சிலிண்டரின் அழுத்தத்தை உங்கள் மணிக்கட்டிலுள்ள டைவ் கணினிக்கு, அதாவது ஆழத்தையும் நேரத்தையும் வைத்து உடம்பில் ஏறும் நைதரசனைக் கணக்கிடும் கருவிக்கு, அனுப்புவதே அதுதான். பாரம் தாங்காமல் முறிந்துவிடும். படகிலுள்ள எல்லோருக்கும் இதை முதலே சொல்லிவிடுங்கள்.

அது கருவிக்கு வரும் சேதம். உயிருக்கு ஆபத்தானது வேறொரு பிழை: காற்று மிச்சம் இருந்தால் உடம்புக்கும் ஒன்றும் ஆகாது என்று நம்புவது.

11 லீற்றர் சிலிண்டரில் 200 பார் (அழுத்த அலகு) காற்று என்று வையுங்கள். 50 பாரை மேலே வர ஒதுக்கினால் மிச்சம் 1650 லீற்றர். நீருக்கு மேலே நிமிடத்துக்கு 20 லீற்றர் இழுக்கிறவருக்கு, அழுத்தம் 2.8 மடங்காகும் 18 மீற்றர் ஆழத்தில் 56 லீற்றர் வேண்டும். அரை மணிக்குள் முடிந்துவிடும். முதல் சிலிண்டரில், உடம்பு தாங்கும் நைதரசன் எல்லையைத் தொடுவதற்கு முன்பே காற்று தீர்வதால், காற்றுதான் கணக்கு என்று தோன்றும். சங்குக்கும் கடலட்டைக்கும் இறங்கும் சுழியோடிகள் ஒரே நாளில் அடுத்தடுத்துச் சிலிண்டர் மாற்றுகிறார்கள். சிலிண்டர் புதிது, உடம்பு பழையது. ஏறிய நைதரசனில் ஒரு பங்கு இன்னும் உள்ளேதான் இருக்கிறது. மூன்றாவது முறை திரையில் 120 பார் காட்டும்போதே மேலே வரவேண்டிய நேரம் கடந்திருக்கலாம். மூட்டு வலியும் கால் விறைப்பும் அப்புறம்தான் வரும்.

இதே காரணத்தால், கணினியைக் கைமாற்றிக் கட்டுவதும் கூடாது. அது முன்பு இறங்கியவரின் உடம்புக் கணக்கைத்தான் வைத்திருக்கும்.

கணினி வந்துவிட்டது என்று அழுத்தம் காட்டும் ஊசி மானியைக் கழற்றுகிறவர்களும் உண்டு. வேண்டாம். சிலிண்டர் வால்வு சரியாகத் திறபடாவிட்டால், மூச்சு இழுக்கும்போதெல்லாம் ஊசி விழுந்து எழும். திரை சில விநாடிக்கு ஒருமுறைதான் எண்ணை மாற்றும் என்பதால் அந்த ஆட்டம் தெரியாமல் போகலாம். பற்றரி இறங்கினாலும் ஊசி நிற்காது.

சரி, காற்றளவும் காட்டும் கணினியை வாங்கலாமா? புதியவர்களைக் கூட்டிக்கொண்டு இறங்குகிறவருக்கும், தன் மூச்சளவைப் பதிந்து பார்க்க விரும்புகிறவருக்கும் பயன்தான். தொழிலுக்கு இறங்கும் படகென்றால் அந்தக் காசில் ஆளுக்கொரு சாதாரண டைவ் கணினி வாங்குங்கள். மானி ஏற்கெனவே சிலிண்டரில் தொங்குகிறது.